நாற்பத்தாறு கவிதைகளும் ஒரு வடிகட்டியும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தைவிட உங்கள் கோபம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறியவே அதிக ஆவல். இமெயில் இருக்கும்போது இவன் ஏன் கூரியரில் காகிதம் அனுப்புகிறான் என்று நினைப்பீர்கள். பொறுமையாகப் படித்தால் புரியும்.

எல்லாம் எங்கள் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க ஒருவர் வந்த அன்று தொடங்கியது. வழுக்கைத் தலையனான எனக்குத் தினமும் பதினைந்து பேர் கூந்தல் தைலம் விற்கப் பார்க்கிறார்கள் என்று அவரிடம் முறையிட்டேன். குப்பைக் கடிதங்களை வடிகட்ட ஓர் ஏற்பாடு செய்துகொடுத்தார். வேண்டாத கடிதத்தில் 'குப்பை' என்றும், தவறிப்போய் அங்கே விழுந்த நல்ல கடிதத்தில் 'குப்பை அல்ல' என்றும் அழுத்த வேண்டும், அது கைக்குழந்தை மாதிரி, சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொள்ளும் என்றார். நான் முப்பத்தொரு வருஷம் தபால் பதிவுப் பிரிவில் உட்கார்ந்து, வந்த கடிதம் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி உரிய மேஜைக்கு அனுப்பியவன், எத்தனையோ பேருக்கு வேலை பழக்கியவன். இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

முதல் வாரம் கூந்தல் தைலம் ஒழிந்தது. இரண்டாம் வாரம், தண்ணீர்த் தொட்டி கழுவப்போவதாக எங்கள் குடியிருப்புச் செயலாளர் எழுதிய கடிதத்தையும் அது குப்பையில் போட்டுவிட, நான் உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு குழாயைப் பார்த்தபடி நின்றேன். துடைத்துக்கொண்டு வந்து 'குப்பை அல்ல' என்று பாடம் சொன்னேன். செயலாளருக்கோ 'உடனே', 'கடைசி எச்சரிக்கை', 'தவறவிடாதீர்கள்' இல்லாமல் ஒரு வரி எழுத வராது. வடிகட்டி அந்த வார்த்தைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அதே பாணியில் எழுதும் முழங்கால் தைலக்காரர்களை எல்லாம் உள்ளே அழைத்து உட்கார வைத்தது. ஆத்திரத்தில் வரிசையாகக் குப்பை, குப்பை என்று அழுத்தினேன். அதில் கண் மருத்துவமனை என் முறையை மாற்றி அனுப்பிய தகவலும் போயிற்று. பழைய தேதியில் போய், குழந்தைகளுக்கான பரிசோதனை நாளில், யானைப் படம் போட்ட குட்டி நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேரப்பிள்ளை எங்கே என்று நர்ஸ் இரண்டு முறை கேட்டார்.

இப்படி நான் அதைத் திருத்துவதும் அது என்னைத் திருத்துவதுமாக இருந்தபோதுதான் நேற்று மகள் போன் செய்தாள். "அப்பா, மாமா அவர் கவிதையெல்லாம் தினம் ஒண்ணா உங்களுக்கு அனுப்பி அணிந்துரை கேட்டாராம். நீங்க பதிலே போடலையாம். புத்தகத்துல ரெண்டு பக்கம் வெள்ளையா விட்டு வச்சிருக்காரு. அச்சகத்துல திங்கக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பாங்க. மூணு வாரமா மாமா என் முகத்தைக்கூடப் பார்க்கறதில்லைப்பா."

போனை வைத்த கையோடு குப்பைப் பெட்டியைத் திறந்தேன். உங்கள் பல் மருத்துவமனையில் காத்திருப்பவர்களைப் போல நாற்பத்தாறு கடிதங்களும் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தன. 'கடைவாயின் கண்ணீர்', 'ஆடும் பல்லின் அறைகூவல்' என்று தலைப்புகளைப் பார்த்ததுமே விஷயம் பிடிபட்டது. உங்கள் கவிதையிலும் பல் வருகிறது, பற்பசை விளம்பரத்திலும் பல் வருகிறது. அந்த மூடத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. மற்றபடி இதில் எங்கள் வீட்டார் யாருக்கும் பங்கில்லை. நான் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவன். கல்யாணத்தன்று உங்கள் வரவேற்புரை நீளம் என்று மைக்கிலேயே சொன்னவன். பிடிக்காவிட்டால் நேராகச் சொல்லியிருப்பேனே தவிர, ஒளிய மாட்டேன்.

இரண்டு பக்க அணிந்துரை என் கையெழுத்துடன் இத்துடன் இருக்கிறது. மிகுந்த அன்போடு எழுதப்பட்டது. அந்த வெள்ளைப் பக்கங்களை நிரப்பி, என் மகளின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுங்கள்.

உங்கள் வீட்டு அம்மாளுக்கு வணக்கமும், பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் ஆசிகளும்.

இப்படிக்கு,
உங்கள் பணிவுள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ஒரு சந்தேகம் வந்தது. நேற்றுத்தான் நான் கண்டெடுத்த கவிதைகளுக்கு, என் மனைவி ஒரு மணி நேரத்தில் அணிந்துரை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள். எப்படி முடிந்தது என்று கேட்டேன். உங்கள் முதல் கடிதம் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேனாம். அவள்தான் 'குப்பை' என்று அழுத்தியிருக்கிறாள். மீதியை வடிகட்டி தானாகவே கற்றுக்கொண்டது. அவள் மட்டும் தினமும் அந்தப் பெட்டியில் போய்ப் படித்திருக்கிறாள். "நீங்க படிச்சா உள்ளதைச் சொல்லிடுவீங்க. நம்ம பொண்ணு அந்த வீட்டுல இருக்கா" என்றாள். இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்; ஆகவே தெரியாத மாதிரியே இருங்கள். வடிகட்டியைத் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பிறகு நானும் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ஏழு வயதில் மாப்பிள்ளையின் பால் பல்லை நீங்களே பிடுங்கி, அவர் அழுகையை நிறுத்திய பிறகு நீங்கள் தனியே போய் அழுதீர்களே, அந்தக் கவிதையை மூன்று முறை படித்தேன். கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. அதற்கு 'குப்பை அல்ல' என்று நானே அழுத்தினேன்.

மற்ற நாற்பத்தைந்தைப் பற்றி நேரில் பேசுவோம்.