வாயில் பஞ்சை வைத்துவிட்டு நிலவரம் கேட்பவர்

உலகத்தின் ஏதோ ஒரு கோடியில் ராணுவம் வானொலி நிலையத்துக்குள் நுழைந்த அரை மணி நேரத்துக்குள், இங்கே ஒரு ஜீவன் பாதி முகத்தில் சவர நுரையோடு குளியலறையிலிருந்து வெளியே வந்து, "நான் போன மாசமே சொன்னேன்" என்று வீட்டாருக்கு அறிவிக்கும். போன மாதம் யாரிடம் சொன்னார்? என்ன சொன்னார்? அதையெல்லாம் கேட்டால் உங்களுக்குத்தான் நேரம் வீண். இந்த இனத்துக்கு 'நிலவரக்காரர்' என்று பெயர்.

நிலவரக்காரரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். யாராவது வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினால் போதும், பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே, "அங்க நிலவரம் எப்படி?" என்று கேட்பார். கேள்வி அவருடையது. பதிலும் அவருடையதே. வந்தவர் "பரவாயில்ல, ஆனா..." என்று ஆரம்பிப்பதற்குள் நிலவரக்காரர் தலைநகரைச் சுற்றி வளைத்து, இரண்டு தளபதிகளைக் கட்சி மாற்றி, எண்ணெய்க் கிணற்றுக்குத் தீ வைத்து, அகதி முகாமுக்குக் கூடாரம் போதாது என்று வருத்தமும் பட்டுவிடுவார். ஏழு வருடம் அந்த ஊரில் குடியிருந்துவிட்டு வந்த மனிதர், தாம் குடியிருந்தது வேறு ஏதோ ஊராக இருக்குமோ என்ற சந்தேகத்தோடு வீட்டுக்குப் போவார்.

சாதாரண நிலவரக்காரருக்கு ஒரே ஒரு தொல்லைதான் உண்டு. எதிரில் இருப்பவர் சில சமயம் பதில் பேசிவிடுகிறார். அந்தத் தொல்லையும் இல்லாத ஒருவர் இருக்கிறார். அவர் பல் டாக்டர்.

செருப்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில் அவருடைய மருத்துவமனை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு விளக்கு, எக்ஸ்ரே படங்களை மாட்டிப் பார்க்கும் வெளிச்சப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டியில் பாதி இடம் பற்களுக்கு, பாதி இடம் போர்களுக்கு. செய்தித்தாள் வரைபடங்களைக் கண்ணாடித் தாளில் நகலெடுத்து, அரசுப் படைக்குப் பச்சை மை, எதிர்ப்படைக்குச் சிவப்பு மை, மூன்றாவது அணிக்கு ஊதா மை என்று கோடு போட்டு மாட்டியிருப்பார். ஊதாப் பேனா தீர்ந்துபோனதால் ஒரு நாட்டின் மூன்றாவது அணி கடந்த மார்ச் மாதத்திலிருந்து போரில் கலந்துகொள்ளவில்லை.

"ஐயோ டாக்டர், என் பல்லுல இவ்வளவு பெரிய ஓட்டையா?" என்று ஒரு அம்மாள் ஒருநாள் பதறிப் போனார்.

"அது பல் இல்லம்மா. துறைமுகம்."

ஊசி போட்டு ஈறு மரத்துப்போகப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் நாட்டு நடப்பு. வாயில் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், சின்னக் கண்ணாடி எல்லாம் வைத்த பிறகு, "நீங்க என்ன நினைக்கிறீங்க, பேச்சுவார்த்தை நடக்கும்ங்கறீங்க?" என்பார். நோயாளி "ஆ... ஆ..." என்பார். "அதேதான்! அதேதான் நானும் சொல்றேன்!" என்று குதூகலிப்பார் டாக்டர். பதினோரு வருடமாக அவரோடு யாரும் கருத்து வேறுபட்டதில்லை.

அவருடைய உதவியாளர் அனுபவசாலி. டாக்டர் எல்லை தாண்டிப் போனால் இருமுவார். ஒரு இருமல் என்றால் வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டு இருமல் என்றால், அது நல்ல பல்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு வியாழக்கிழமை காலை அவருடைய அக்கா மகள் வந்து சேர்ந்தாள். கடைவாயில் ஒரு ஞானப்பல் தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை அவளுடைய பாஸ்போர்ட், அவள் அம்மாவின் கைப்பையில் இருந்தது.

விஷயம் இதுதான். அவள் வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவில் வேலை பார்க்கிறாள். விடுப்பில் வந்த நாலாவது நாள் அந்த நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அன்று தொடங்கி மாமா குடும்பக் குழுவில் குரல் செய்தி அனுப்ப ஆரம்பித்தார். "சுருக்கமாச் சொல்றேன்" என்று தொடங்கும் ஒவ்வொன்றும் பதினோரு நிமிடம். அக்காவுக்குத் தம்பி சொல்வது வேதம். மகள் திரும்பிப் போக வேண்டிய விமானம் வெள்ளிக்கிழமை காலை. அம்மா பாஸ்போர்ட்டை எடுத்துத் தம் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து, பையையும் மடியில் வைத்துக்கொண்டு டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார்.

"குடும்மா. நாளைக்குக் காலைல ஃப்ளைட்."

"மாமா சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷம் தரேன்."

"மாமா அந்த நாட்டுக்குப் போனதே இல்லம்மா!"

"போனாத்தான் தெரியுமா? நீ நாலு வருஷமா அங்க இருக்க, உனக்கு என்ன தெரிஞ்சுது? ஆட்சி கவுந்துருச்சுன்னு மாமா சொல்லித்தானடி உனக்கே தெரியும்!"

அதென்னவோ உண்மைதான். அன்றைக்கு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆகவே அவள் ஒரு திட்டத்தோடு நாற்காலியில் ஏறினாள். மாமா வாயில் எதையும் வைப்பதற்குள் பேசிவிட வேண்டும்.

"மாமா, மொதல்ல ஒரு ரெண்டு நிமிஷம்..."

"பேசலாம், பேசலாம். வாயத் திற."

கண்ணாடி உள்ளே போனது. ஊசி போனது. பஞ்சும் போனது. டாக்டர் கையுறையை இழுத்து விட்டுக்கொண்டு, வெளிச்சப் பெட்டியில் அவளுடைய ஞானப்பல்லுக்குப் பக்கத்தில் அவளுடைய ஊரை மாட்டினார்.

"அங்க நிலவரம் எப்படிம்மா? ரொம்ப மோசம். கிழக்குப் பாலத்தத் தகர்த்துட்டாங்க, தெரியுமா?"

அவள் கண்கள் விரிந்தன. அந்த ஊரில் கிழக்கே பாலம் கிடையாது. அவள் ஒரு விரலை உயர்த்தினாள்.

"வலிச்சா மட்டும் கையத் தூக்கு."

அவள் மறுபடி உயர்த்தினாள்.

"வலிக்குதா? இரு, இன்னொரு ஊசி போட்டுடலாம்."

மறுப்புத் தெரிவித்ததற்கு ஊசி! பல அரசாங்கங்களுக்கு இந்த யோசனை இன்னும் வரவில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில் டாக்டர் மேற்குச் சந்தையைக் கொளுத்தினார், மருந்துக் கிடங்கைப் புரட்சிக்காரர்களிடம் ஒப்படைத்தார், வடக்கே நகரும் கவச வண்டிகளைப் பல் பிடுங்கும் இடுக்கியாலேயே சுட்டிக் காட்டினார். காட்டிய கையோடு இடுக்கியைக் கொண்டுபோய் வாயின் இடப்பக்கம் நுழைத்தார். இரண்டு இருமல் கேட்டது. இடுக்கி வலப்பக்கம் மாறியது. ஒரு அசைப்பு, ஒரு திருகல். ஞானப்பல் தட்டில் வந்து விழுந்தது. கைவேலையில் குறை சொல்ல முடியாது, மனிதர் கெட்டிக்காரர்.

"பஞ்ச நல்லாக் கடிச்சுக்க. ஒரு மணி நேரத்துக்கு வாயத் திறக்கக் கூடாது. பேசினா ரத்தம் நிக்காது." கையுறையைக் கழற்றிப் போட்டார். "ஆங், அப்புறம் சொல்லு. அங்க நிலவரம் எப்படி?"

அவள் எட்டி, அவருடைய மேசையிலிருந்த மருந்துச் சீட்டுக் கட்டையும் பேனாவையும் எடுத்தாள்.

டாக்டர் வழக்கம்போலப் பதில் சொல்ல வாயெடுத்தார். ஆனால் பாருங்கள், பேச்சை மறிக்கலாம், எழுத்தை எப்படி மறிப்பது? அவள் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே போனாள். அவர் நடுவில் சொன்ன இரண்டு வாக்கியங்கள் சீட்டில் ஏறவில்லை. கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

'யார் கையில் ஆட்சி என்று எனக்குத் தெரியாது மாமா. கிழக்கே பாலம் இல்லை. ஆறே இல்லை. ஊரடங்கு காலை ஆறு மணிக்கு முடியும், ஆறேகாலுக்கு நோயாளிகள் வாசலில் நிற்பார்கள். டயாலிசிஸ் மெஷின் எட்டு. ஓட்டத் தெரிந்தவர்கள் நானும் இன்னொருத்தியும். மூன்று வாரமாக அவள் தனியாகப் பார்க்கிறாள். இன்றைக்குக் காலையில் மெசேஜ் போட்டிருந்தாள், குழாயில் தண்ணீர் வருகிறது.'

"தண்ணி எதுக்கு?" என்றார் டாக்டர். பதில் தெரியாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

'தண்ணீர் இல்லாமல் மெஷின் ஓடாது. ஒருத்தருக்கு ஒரு தடவைக்கு நூற்றிருபது லிட்டர் வேண்டும்.'

"நின்னுடுச்சுன்னா?"

'லாரி.'

"லாரியும் வரலன்னா?"

'சில பேர் மூணு நாள் தாங்குவார்கள். சில பேர் அதுவும் இல்லை.'

டாக்டர் வெளிச்சப் பெட்டியைப் பார்த்தார். பச்சைக் கோடு இருந்தது, சிவப்புக் கோடு இருந்தது. தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கமாக வருகிறது என்று அதில் இல்லை.

"பயமா இருக்கா உனக்கு?"

'இருக்கு. போகணும்.'

சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் காத்திருப்பு அறைக்கு வந்தார். அவர் பின்னாலேயே அவளும் பஞ்சைக் கடித்தபடி வந்து நின்றாள். அக்கா பையை அணைத்துக்கொண்டு எழுந்தார். கன்னம் வீங்கிய இருவரும், கன்னம் வீங்காமல் துணைக்கு வந்த ஒருவரும் செய்தித்தாளைத் தாழ்த்தினார்கள்.

"என்ன தம்பி, நிலவரம்?"

"எனக்குத் தெரியலக்கா."

உதவியாளர் இரும மறந்தார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"உனக்கே தெரியலையா? அடக் கடவுளே, அவ்வளவு தூரம் போயிடுச்சா! ஏண்டி, கேட்டியா? மாமாவுக்கே தெரியலையாம்! நீ எங்கேயும் போக வேணாம்." ஏற்கெனவே மூடியிருந்த ஜிப்பை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"இதப் படிங்கக்கா," என்று சீட்டை நீட்டினார் டாக்டர்.

அக்கா படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"இதுல நிலவரமே இல்லையேடா. தண்ணி வருதாம், வாசல்ல ஆள் நிக்குதாம். தண்ணி நம்ம தெருவுலயும்தான் வருது. ராணுவம் எங்க நிக்குது, எவன் எவன்கூடச் சேந்திருக்கான், ஒரு வரி எழுதியிருக்காளா?"

டாக்டர் மருமகளைப் பார்த்தார். அவள் ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச முடியாது. பேசினால் ரத்தம் நிற்காது என்று அவரே சொல்லியிருக்கிறார். சுவரில் மணி பதினொன்றரை. விமானத்துக்கு இன்னும் ஒரு நாள்கூட இல்லை.

டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, உக்காருங்க. சுருக்கமாச் சொல்றேன்."

அக்கா உட்கார்ந்தார். கன்னம் வீங்கியவர்களும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

"விமான நிலையத்துலேர்ந்து ஆஸ்பத்திரி வரைக்கும் இப்ப சர்வதேசப் பாதுகாப்பு வளையம். அந்தச் சாலையில ஒரு துப்பாக்கி வெடிக்கக் கூடாது. நேத்து சாயங்காலமே கையெழுத்தாயிடுச்சு."

"யாருடா போட்டா கையெழுத்து?"

"மூணு தரப்பும்."

"மூணாவது தரப்பும் போட்டுட்டானா?"

"அவன்தான் மொதல்ல போட்டான்."

அக்கா நீளமாக மூச்சு விட்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா? தெரியல தெரியலன்னு வயித்தக் கலக்கிட்டியே." ஜிப் திறந்தது. பாஸ்போர்ட் மகளின் கைக்குப் போனது. "பாத்துப் போயிட்டு வாடி. அந்தச் சாலையிலயே நட. வேற சந்து பொந்துல நுழையாத."

மருமகள் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அவள் பக்கம் திரும்பவில்லை. சீட்டில் வலி மாத்திரை எழுதினார். பதினோரு வருடமாக இதே குரலில் இதே மாதிரி விஷயங்களை ஆயிரம் பேரிடம் சொன்னவர்தான். அது பொய் என்று அவருக்கே தெரிந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நோயாளி நாற்காலியில் ஏறி ஆவலாகக் கேட்டார். "டாக்டர், அந்தப் பாதுகாப்பு வளையம் எத்தனை கிலோமீட்டர் இருக்கும்?"

"கொப்புளிங்க," என்றார் டாக்டர்.

ஆள் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். நன்றாகத் திருந்தினார்! போன வாரம் வேறொரு நாட்டில் நாடாளுமன்றத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அன்று மாலைக்குள் புது ஊதாப் பேனா வாங்கியாகிவிட்டது. எல்லா நாட்டு நிலவரமும் இன்றும் அவருக்கு விரல் நுனியில். அந்த ஒரு நாட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் தெரியாது என்கிறார். அங்கேயிருந்து தினமும் காலையில் ஒரு வரி வரும் என்றும், அது வரும்வரை அவர் யார் வாயிலும் கை வைப்பதில்லை என்றும் உதவியாளர் சொல்கிறார். அந்த வரி ஒருநாள் பத்தரை மணிக்குத்தான் வந்ததாம். அன்றைக்குக் காத்திருந்தவர்கள், இவ்வளவு அமைதியான பல் டாக்டரை நாங்கள் பார்த்ததில்லை என்று புகார் செய்தார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார், அவருக்கு இதை உடனே அனுப்ப வேண்டும் என்று கை துடிக்கிறது. அனுப்புங்கள். அதற்கு முன் உங்கள் தொலைபேசியில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்களோடு படித்தவரோ, பழைய வேலையில் பக்கத்து மேசைக்காரரோ, அப்படி ஒரு ஊரில் யாராவது ஒருவர் இருப்பார். அங்கே குண்டு விழுந்த அன்றைக்கு 'எப்படி இருக்கீங்க, அங்க நிலவரம் என்ன?' என்று அக்கறையாக நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, அதே நிமிடத்தில், அவருடைய ஊரின் நிலவரத்தை அவருக்கே விளக்கும் நாற்பது நிமிட வீடியோ ஒன்றையும் அனுப்பியிருக்கிறீர்கள். அதன் கீழே இன்னொன்று.

அவர் பெயருக்கு அடியில் அப்போது 'எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று காட்டியது. பார்த்தீர்களா?