உல்லாசமாக மூன்று தினங்கள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. மைக்கைக் கண்டால் கை தானாக நீளும். என் நிச்சயதார்த்தத்தை நானே ஏறக்குறைய நிறுத்திய பெருமை அந்த வியாதியைத்தான் சேரும்.

பெண் கவிதா, திருச்செங்கோட்டுக்காரி. அவள் அப்பாவுக்கு மூன்று ரிக் வண்டிகள். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். பெண் பார்க்கப் போன அன்றே என் மண்டையிலும் ஒரு துளை போட்டார்.

"தமிழ் எம்.ஏ.ன்னா... அப்பறம் என்னங்க பண்ணுவீங்க?"

சேலத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன் என்றேன்.

"சரீங்க. வேலைன்னு ஏதாச்சும்?"

கவிதா பிடிவாதமாக நின்றதால் அரை மனதோடு நிச்சயத்துக்கு ஒத்துக்கொண்டார். அந்த அரை மனதை முழு மனதாக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி (எவன் கேட்டான்?). நூலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டினேன். சுதந்திரம் வந்த புதிதில் வெளியான ஓர் இதழில் அவருடைய அய்யன் பெயர் கிடைத்தது. அய்யன் என்றால் அந்தப் பக்கம் அப்பா. மாமனார் வீட்டுச் சுவரில் மாலையோடு இருப்பவர். புதையல் கிடைத்தது போல நகலெடுத்து மடித்து வைத்துக்கொண்டேன்.

நிச்சயத்தன்று மண்டபம் கொள்ளாத சனம். முன்வரிசையில் அய்யனுடைய பழைய கூட்டாளிகளின் பிள்ளைகள் (இன்றும் குடும்ப சிநேகிதம்). தட்டு மாற்றப் போகிற நேரத்தில் மைக்கைப் பிடுங்கி, ரேடியோக் குரலில் வாசித்தேன்:

"நமதூர்ப் பிரபல மஞ்சள் வியாபாரி ஸ்ரீ நல்லமுத்து அவர்கள், தம் நண்பர்களுடனும் அவர்தம் மனைவிமார்களுடனும் ஏற்காட்டில் மூன்று தினங்கள் உல்லாசமாக இருந்துவிட்டு நேற்று திரும்பினார்."

கைதட்டலுக்காக நிறுத்தினேன். தவில்காரர் மட்டும் இருமினார்.

அந்தக் காலத்துப் பத்திரிகைக்கு உல்லாசம் என்றால் குதூகலம், அவ்வளவுதான். சுற்றுலா வந்தவர்களுக்கே உல்லாசப் பிரயாணிகள் என்றுதான் பெயர். இன்றைய பத்திரிகையில் உல்லாசமாக இருப்பவர்கள் யார், யாரோடு என்று உங்களுக்கே தெரியும். அந்தச் செய்தி பெரும்பாலும் காவல் நிலையத்தில் போய் முடியும். மண்டபத்தில் அத்தனை பேரும் இன்றைய பத்திரிகை படிக்கிறவர்கள். நான் ஒருவன்தான் பழையது.

மாமனார் எழுந்தார். "ஏனுங்க மாப்பிள்ள, எங்கய்யன் மூணு நாளா என்ன பண்ணுனாருன்னு சொன்னீங்க?"

"உல்லாசமா..."

"யாரு கூட?"

காகிதத்தை மறுபடி பார்த்தேன் (பார்க்காமல் இருந்திருக்கலாம்). "நண்பர்களோட மனைவிமார்..."

முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "எங்கம்மாளைப் பத்தி மைக்குல பேசறதுக்கா எங்களைக் கூப்புட்டீங்க?"

மாமனார் தட்டைக் கையில் எடுத்தார். மாற்றுவதற்கு அல்ல, திருப்பி எடுத்துப் போவதற்கு. கவிதா கையைவிட்டுப் போகிறாள், நானோ காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் வந்து மைக்கை வாங்கினாள். "அப்பா, அந்தக் காலத்துப் பேப்பர்ல அதுக்கு ஜாலின்னு அர்த்தமுங்க. எல்லாக் குடும்பத்தையும் உங்கய்யன் டூர் கூட்டிட்டுப் போயிருக்காரு, அவ்வளவுதானுங்க. இவருக்குப் பழைய தமிழ்தான் தெரியும். இந்தக் காலத்துது ஒண்ணும் தெரியாது. நான் சொல்லிக் குடுத்துக்கறேன்."

துண்டை உதறிய பெரியவர்தான் முதலில் சிரித்தார். "அட, ஆமாங்க! ஏற்காடு போன கதைய எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டு இருந்துச்சு." தட்டு மாறியது. மைக்கை மட்டும் அதன்பிறகு யாரும் என் பக்கம் நீட்டவில்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்றும் நாங்கள் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் மாமனார் வாசலுக்கு வந்து நிற்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது.

"ஜாலியா இருந்துட்டு வாங்க மாப்பிள்ள. அதோட நிறுத்திக்கங்க."