தளத்தைத் தட்டியது யார்?

அன்பும் மதிப்பும் மிக்க மாமாவுக்கு, மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம், என் வேலைதான் நலமில்லை. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் முதலாளியிடம் சொல்லி வாங்கிக்கொடுத்த வேலை போய்விடும்போல் இருக்கிறது. பயணச்சீட்டு விற்கும் எங்கள் இணையதளம் போன வாரத்திலிருந்து மூச்சுத்திணறி விழுகிறது. "சர்வரப் பாத்துக்கறது இவன்தானே? அப்ப இவன்தான் காரணம்" என்று மேலாளர் தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டார், விசாரணை வரும் வாரம், முதலாளி முன்னால். இத்தனைக்கும், தளம் உயிரோடு இருக்கிறதா என்று விடாமல் தட்டிப் பார்க்க, பதில் தாமதமானால் இன்னும் வேகமாகத் தட்ட, போன வாரமே அலுவலகத்திலிருந்து ஒரு கட்டளையை ஓடவிட்ட அக்கறைக்காரன் நான்.

யார் வந்தார்கள், எந்த முகவரியிலிருந்து, எந்தக் கருவியை வைத்து, என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொரு வருகையையும் சர்வர் ஒரு வரியாகப் பதிந்துவைக்கும். அதுதான் லாக் ஃபைல். மேலாளர் அதை முழுதாக அச்செடுக்கச் சொன்னார். பிரிண்டர் மை தீர்ந்து நின்றபோது கணக்குப் பிரிவு அக்கா எட்டிப்பார்த்து, "இதுல என்ன தம்பி தேடறீங்க?" என்றார். "தெரியலக்கா." "அப்ப எதக் காட்டினாலும் சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு மஞ்சள் மார்க்கரைக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு எக்ஸெல்லில் போடச் சொன்னார்கள்; எக்ஸெல் அப்படியே உறைந்துபோய் கம்ப்யூட்டரையும் துணைக்கு அழைத்துக்கொண்டது. பொறுமையிழந்து, கட்டளைகளை எழுத்தாகவே அடிக்கும் அந்தக் கருப்புத் திரையைத் திறந்து, ஒரே வரிக் கட்டளை அடித்தேன் மாமா: முகவரியை மட்டும் உருவு, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எண்ணு, பெரியதை மேலே வை. கண்மூடித் திறப்பதற்குள் பதில். முதலிடத்தில், வாடிக்கையாளர் அத்தனை பேரும் கூடினாலும் எட்டமுடியாத உயரத்தில், எங்கள் அலுவலகத்தின் முகவரி! எங்கள் கட்டிடத்தில் யார் தளத்துக்குள் போனாலும் அந்த ஒரே முகவரிதான் பதிவாகும். ஆனால் அப்படிப் போகிறவர் யார் என்று எனக்குத் தெரியாதா? மேலாளர் அறைச் சுவரில் பெரிய டிவி. தளம் நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க, தானாகவே திரும்பத் திரும்பப் புதுப்பிக்கும்படி தளத்தை அதில் நாள் முழுக்கத் திறந்தே வைத்திருக்கிறார். தூங்குகிற நோயாளியை உலுக்கி உலுக்கி, "நல்லாத் தூங்கறியாப்பா?" என்று கேட்கிற ஆள் மாமா அவர்! இதைச் சொன்னதற்கு, "என் டிவி மேலயே கை வைக்கிறியா?" என்று எகிறினார்.

ஆகவே முதலாளியோடு நீங்கள் காலை நடைக்குப் போகும்போது என் நியாயத்தை எடுத்துச் சொல்லுங்கள். இந்தக் கட்டிடத்திலேயே கருப்புத் திரையைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள்.

அத்தைக்கு வணக்கமும் குட்டிகளுக்கு முத்தமும்.

தங்கள் நிழலில் பிழைக்கும்,
மருமகன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஆதாரத்தைக் கெட்டியாக்கலாமே என்று, அலுவலக முகவரி வரிகளை மட்டும் எடுத்து, 'எதை வைத்துக் கேட்டார்கள்' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். டிவியிலிருந்து வந்தவை சொற்பம். மீதி அத்தனையும் கருப்புத் திரையிலிருந்து. தட்டுவதை நிறுத்திவிட்டேன், தளம் குதிரை மாதிரி ஓடுகிறது. முதலாளியிடம் எதுவும் சொல்லவேண்டாம் மாமா. அழுத்திச் சொல்லச் சொன்னேனே, அதை மட்டுமாவது கட்டாயம் சொல்லவேண்டாம்.