சம்பந்தியின் முழங்கால்

சேனாபதி அடித்த முதல் கோல்ஃப் பந்து கடல் பக்கமும் போகவில்லை, கொடி நட்டிருந்த பக்கமும் போகவில்லை. ஓரத்தில் இருந்த மரப்பலகையில் மோதித் திரும்பி வந்து, வருங்காலச் சம்பந்தி குமாரசாமியின் முழங்காலில் பட்டது.

"ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்றார் குமாரசாமி, புல்லில் உட்கார்ந்தபடி.

ஒன்றுமில்லை என்பவர் எதற்காக உட்கார வேண்டும் என்று சேனாபதிக்குப் புரியவில்லை.

அவருடைய மகள் யாமினியும் குமாரசாமியின் மகன் சபரியும் நியூஜெர்சியில் ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறார்கள். கல்யாணத்துக்கு அவர்கள் தயார், ஜாதகமும் தயார். எங்கே நடத்துவது என்பதில்தான் வண்டி நின்றது. கலிபோர்னியாவில் குடியிருந்தாலும் சேனாபதிக்குச் சொந்த ஊரான பொள்ளாச்சியை விட்டால் வேறு ஊர் தெரியாது. குமாரசாமிக்கு, வேலைக்கு வந்து வீடு வாங்கிய டெக்ஸஸ் ரிச்சர்ட்சனை விட்டால் உலகமே கிடையாது. இரண்டு முறை வீடியோ காலில் பேசி, இரண்டு முறையும் முறைத்துக்கொண்டு முடிந்தது. இன்னொரு முறை முறிந்தால் சம்பந்தமே இல்லை என்று இரண்டு வீட்டிலும் எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான் குமாரசாமி குடும்பம் சன்னிவேலில் சேனாபதியின் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றே, லீவில் வந்திருந்த யாமினி அப்பாவைத் தனியே கூப்பிட்டாள்.

"அங்கிளுக்கு கோல்ஃப்னா உசுருப்பா. அதுவும் கடலோர கோர்ஸ்னா சோறு தண்ணி வேண்டாம். ஆடத் தெரியாதுன்னு சொல்லி மானத்த வாங்கிடாதீங்க. அவரா கல்யாணப் பேச்சை எடுக்கற வரைக்கும் நீங்க வாயே தெறக்கக்கூடாது."

சேனாபதி இரண்டு நாள் யூட்யூப் பார்த்தார். கையுறை வாங்கப் போனார். பாக்கெட்டில் ஒரு கைக்குத்தான் உறை இருந்தது. இன்னொன்றைத் திருடிவிட்டார்கள் என்று கடைக்காரனிடம் சண்டை பிடித்து, ஆடுபவர்கள் ஒரு கைக்குத்தான் போடுவார்கள் என்று தெரிந்துகொண்டு திரும்பினார்.

ஹாஃப் மூன் பே பக்கம் அந்த மைதானம். மரமே கிடையாது, ஒரு பக்கம் மலைச்சரிவு போலப் புல், மறுபக்கம் செங்குத்தாகக் கடல், நடுவில் ஆளைத் தள்ளும் காற்று. மைதானத்துக்குள் சுற்றும் சின்ன வண்டியை ஓட்ட வந்தவள் குமாரசாமியின் மகள் மானஸா, டெக்ஸஸில் பிறந்து வளர்ந்தவள். மைதானத்தில் போன் கூடாது, ரூல் என்று சொல்லி இரண்டு அப்பாக்களின் போனையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவளுடைய போனை மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

முழங்காலுக்கு ஈடாக, அடுத்த இடத்தில் குமாரசாமியையே முதலில் அடிக்கச் சொன்னார் சேனாபதி. மாப்பிள்ளை வீட்டுக்காரர் முதலில் அடித்தால் மரியாதையாக இருக்காது என்றார் குமாரசாமி. வயதில் பெரியவர் யார் என்று பேச்சு வந்தது. பிறந்த மாதம் வரை போயும் தீரவில்லை. பின்னால் காத்திருந்த நான்கு வெள்ளைக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இவர்களைத் தாண்டிப் போனார்கள். அடுத்து வந்தவர்களும் போனார்கள்.

ஒருவழியாகக் குமாரசாமி அடித்த பந்து உயரமான புல்லுக்குள் போய் விழுந்தது. சேனாபதி ஓடிப்போய்த் தேடி எடுத்து, கர்ச்சீப்பால் துடைத்து, கொண்டுவந்து கொடுத்தார்.

"அடடா, உங்களுக்கெதுக்குங்க சிரமம்" என்று குமாரசாமி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தூரத்தில் இதைப் பார்த்த மைதான மேற்பார்வையாளர் வண்டியில் வந்து இறங்கினார். பந்தைக் கையால் தொடக்கூடாது என்பதை, சின்னக் குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். கோல்ஃபே உயிர் என்று இருக்கும் மனிதரை இப்படித் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று சேனாபதி நொந்துபோனார்.

அடுத்த முறை குமாரசாமியின் பந்து மணல்குழியில் விழுந்தது. அவர் அடிக்க அடிக்க மணல் பறந்தது, பந்து பறக்கவில்லை. வேர்த்து, மூச்சு வாங்கி, காலை நொண்டிக்கொண்டு அவர் படும் பாட்டைச் சேனாபதியால் பார்க்க முடியவில்லை. கையால்தானே தொடக்கூடாது? மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

பந்து மேடேறியது. காற்று அதைப் பிடித்துக்கொண்டது. சரிவில் அவசரமில்லாமல் உருண்டு, விளிம்பில் ஒரு கணம் யோசித்து, பசிபிக் சமுத்திரத்தில் குதித்தது.

குமாரசாமி கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிந்தது, என்று நினைத்தார் சேனாபதி. மகள் வாழ்க்கையைக் காலால் உதைத்துத் தண்ணீரில் தள்ளியாயிற்று. மெல்ல நடந்து போய் வண்டிக்குள் மானஸாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஒளிக்காம சொல்லு. உங்கப்பா ரொம்பக் கோவமா இருக்காரா? பொள்ளாச்சியே வேண்டாம்மா. ரிச்சர்ட்சன்லயே வெச்சுக்கட்டும், நான் ஒரு வார்த்த பேசல. இந்தச் சம்பந்தம் உண்டா, இல்லையா?"

அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து மானஸா முதல்முறையாகப் போனைக் கீழே வைத்தாள்.

"ஹானஸ்ட்டா சொல்லட்டா அங்கிள்? அப்பாவுக்கு கோல்ஃப் தெரியாது, நீங்க பெரிய பிளேயர்னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கோம். ரெண்டு அம்மாவும் இப்பதான் நியூஜெர்சில ஹால் புக் பண்ணி முடிச்சாங்க, நீங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆடினீங்கன்னா சாப்பாட்டு மெனுவையும் முடிச்சிடுவாங்க."