மருமகன் புகழாத பெட்டி

மருமகன் வாயிலிருந்து இனி ஒரு புகழ்ச்சியும் வெளிவரக் கூடாது என்று சேக் பரீது முடிவு கட்டினார். திண்டுக்கல் பேகம்பூரில் தம் வீட்டுக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அமர்ந்து அந்த முடிவைக் கட்டினார். முன்பு அந்த இடத்தில் தேக்குமரச் சாய்வு நாற்காலி கிடந்தது. இப்போது அது பழனியில் இருக்கிறது. மருமகன் புகழ்ந்துவிட்டார்.

இது அவர் மனைவி சைதூன் பிறந்த வீட்டு வழக்கம். புது மருமகன், கல்யாணமான முதல் ஆண்டில், மாமியார் வீட்டுப் பொருள் எதையேனும் பார்த்து, "மாஷா அல்லாஹ், நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டால், அந்தப் பொருள் அவரோடு புறப்பட்டுவிட வேண்டும். கொடுத்தால் பரக்கத்து, வைத்துக்கொண்டால் கண்ணேறு. சேக் பரீதும் இளமையில் இவ்வழக்கத்தின் பயனாக ஒரு சைக்கிளும் இரண்டு வெள்ளாடும் ஈட்டியவர்தாம். அக்காலத்தில் வழக்கம் அவருக்கு மிகவும் நியாயமானதாகவே தோன்றியது.

மகள் பாஸிலாவை மணந்த முகமது யாசின், பழனியில் ஒரு லாட்ஜின் மேலாளர். முன்பின் அறியாதவர்களிடமும் இன்சொல் கூறிப் பிழைக்கும் தொழில். அவர் வாய்ப் புகழ்ச்சி திண்டுக்கல் தெருக்குழாய் போன்றதன்று, திறந்தவுடன் வரும். முதல் விருந்தில் சுவர்க் கடிகாரத்தைப் புகழ்ந்தார். சுவரில் வட்டமாக ஒரு தடம் மட்டும் எஞ்சியது. அடுத்த விருந்தில் மாங்காய் ஊறுகாயைப் புகழ்ந்தார். ஊறுகாய் ஜாடியோடு போயிற்று. மூன்றாவதாக, சாய்வு நாற்காலி.

இப்போது ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே, சேக் பரீதின் வீடியோ விளையாட்டுப் பெட்டி இருந்தது.

தோல் மண்டி வைத்து நடத்தும் ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு விளையாட்டுப் பெட்டி எதற்கு என்று எவரும் கேட்கலாம். முழங்காலில் அறுவை செய்து மருத்துவர் அவரை வீட்டில் கிடத்தியபோது, ரியாத்திலிருந்து வந்த தம்பி முகமது ரஃபீக், "சும்மா படுத்தா கிறுக்குப் பிடிச்சிரும்ணே" என்று சொல்லி வைத்துவிட்டுப் போன பெட்டி அது. நாளடைவில் முழங்கால் குணமாயிற்று. விளையாட்டுதான் குணமாகவில்லை. பெட்டிக்குள்ளே ஓரிடத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு பண்ணை உண்டு. பாத்தி பாத்தியாகத் தக்காளி, தென்னை வரிசை, ஒரு செவலைப் பசு. மண்டியில் அவர் சொல்லைக் கேட்க நான்கு பேர் இருந்தும், சொன்னதைச் சொன்னபடி கேட்டது அந்தப் பசு ஒன்றுதான்.

அன்று மாலை யாசின் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏனுங்க மாமா, கேமெல்லாம் நெறைய வச்சிருக்கீங்களாம்ல. பாஸிலா சொல்லுச்சுங்க. பெருநாளைக்கு வாறப்ப எதை மொதல்ல பாக்கலாமுங்க?"

சேக் பரீதுக்கு முழங்கால் மறுபடியும் வலித்தது. ஆனாலும் அவர் வியாபாரி. எதிராளி சரக்கைப் பார்க்குமுன்பே விலையை இறக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. பச்சைத்தோலை விரித்த மறுகணமே, "இதுல ஓட்ட இருக்கு, அதுல உண்ணிக் கடி இருக்கு" என்று சொல்லிப் பழகிய நாக்கு அது.

"மாப்ள, ஒவ்வொண்ணாப் பாத்துட்டு ரெண்டு ரெண்டு வரியில கருத்து அனுப்புறேன். நீங்க மெனக்கெட வேணாம்" என்றார்.

அன்று முதல் பழனிக்குக் குரல் பதிவுகள் பறந்தன.

"மாப்ள, கார்ப் பந்தயம். ஆத்தூர் போற டவுன் பஸ்ஸு இதைவிட வேகமாப் போகும். வழியில ஒரு பெட்ரோல் பங்க்கூட இல்ல. பொய்யான விளையாட்டு."

"பந்து விளையாட்டு. இருபத்திரண்டு பேரு ஓடுறான். ஒருத்தனுக்கும் வேர்க்கல. நம்புற மாதிரி இல்ல."

"செத்தவன் எந்திரிச்சு வார விளையாட்டு. ஒருத்தனையும் முறையா அடக்கம் பண்ணல. அதான் எந்திரிக்கிறான். மனசு கேக்கல, நிறுத்திட்டேன்."

"வாள் சண்டை. வீரன் தோல்கவசம் போட்டிருக்கான். பதனிடாத தோலு மாப்ள, பாத்தாலே தெரியுது. ஒரு மழைக்குத் தாங்காது. எங்கிட்டுப் போயி ராஜ்ஜியம் பிடிக்க?"

"சமையல் விளையாட்டு. பிரியாணிக்குத் தம் போட விடமாட்டேங்குறான். மணியடிச்சு மணியடிச்சுத் தட்டக் கேக்குறான். நாகரிகம் இல்ல."

ஒவ்வொரு பதிவுக்கும் யாசினிடமிருந்து, "சரிங்க மாமா" என்று அடக்கமான மறுமொழி வந்தது.

கடைசியில் பண்ணையின் முறை வந்தது. சேக் பரீது பதிவுப் பொத்தானை இரண்டு முறை அழுத்தி, இரண்டு முறையும் விட்டுவிட்டார். பிறகு, பசுவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "வெவசாய விளையாட்டு. தக்காளி மூணு நாள்ல காய்க்குது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஒரு லோடு போகல, வெலை சொல்ல ஒரு தரகன் இல்ல. பசு ஒண்ணு நிக்குது. அதுவும் சொகமில்ல." பதிவை அனுப்பிவிட்டு, பரிகாரமாக அந்தப் பசுவுக்கு இரண்டு கட்டுப் புல் கூடுதலாகப் போட்டார்.

இவற்றையெல்லாம் சைதூன் அடுக்களை வாசலில் அமர்ந்து, பூண்டு உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து தொலைக்காட்சியில் அவர் எதையும் பார்த்ததில்லை. அவர் பார்த்துவந்த தொடரில் கதாநாயகி மயங்கி விழுந்த அன்று பெட்டி வந்தது. அந்தப் பெண் எழுந்தாளா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

"என்னங்க, அம்புட்டும் மோசமா?"

"அம்புட்டும் மோசம்."

"அப்ப எதுக்கு விடியக்கால பஜ்ரு தொழுதுட்டு வந்ததுலேர்ந்து அதைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"மோசம்னு முழுசாத் தெரிஞ்சுக்கிற வேணாமா?"

"இன்னும் தெரியலையா?"

"கொஞ்சம் பாக்கி இருக்கு."

"செத்த நேரம் கொடுத்தீங்கன்னா நானும் அந்தப் புள்ள எந்திரிச்சாளான்னு பாத்துக்கிருவேன்."

"எந்திரிச்சிருப்பா. எம்புட்டு நாளைக்குத்தான் படுத்திருப்பா?"

சைதூன் எழுந்தார். உரித்த பூண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முப்பத்திரண்டு ஆண்டு இல்லறத்தில், மனைவி வாதாடும்போது அஞ்சாத சேக் பரீது, வாதாடாமல் போகும்போது சற்று அஞ்சியிருக்க வேண்டும். பண்ணையில் தக்காளி பழுத்திருந்ததால் அதற்கு அவருக்கு நேரமில்லை.

பெருநாளன்று மருமகனும் மகளும் வந்தனர். யாசின் கூடத்துக்குள் நுழைந்ததுமே சேக் பரீது அவர் கண்களைக் கவனித்தார். அவை தொலைக்காட்சிப் பக்கம் போயின, கீழே இறங்கின, பெட்டியைத் தொட்டன. உடனே, துக்க வீட்டில் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவரைப்போலத் திரும்பின. யாசின் நாற்காலியையும் திருப்பிப் போட்டுக்கொண்டு, பெட்டிக்கு முதுகு காட்டி அமர்ந்தார்.

"மாமா, உங்க கருத்தெல்லாம் கேட்டனுங்க. அத்தனையும் தெளிவுங்க. அந்தப் பொட்டியப் பாத்தா எனக்குப் பாவமா இருக்குதுங்க."

"எனக்கும் அப்படித்தான் மாப்ள" என்றார் சேக் பரீது. உள்ளம் குளிர்ந்தது. அன்றைய விருந்தில் யாசின் தால்ச்சாவைப் புகழ்ந்தார். அது இருந்த செப்புத் தேக்சாவுக்கும் விடை கிடைத்தது. சன்னல் திரையைப் புகழ்ந்தார், அதுவும் கழன்றது. சேக் பரீது தடுக்கவில்லை. கோட்டை இருக்கும்போது கொட்டகை போனால் என்ன?

சாப்பாடு முடிந்து, தட்டில் வெற்றிலை வந்தது. சைதூன் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க, மாப்ளகிட்ட அனுப்புனீங்களே, அதெல்லாம் நெசந்தானே? சும்மா விளையாட்டுக்குச் சொல்லலியே?"

"சைதூனு, மருமகன்கிட்டப் போயி நான் விளையாட்டாப் பேசுவேனா?"

"அதான் கேட்டேன். ஒண்ணுகூட நல்லதில்லையா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அந்த மாடு நிக்கிறது?"

சேக் பரீதின் பார்வை ஒருகணம் தடுமாறியது. எதிரே மருமகன் வெற்றிலையைக் கையில் வைத்தபடி, மாமனார் சொல்லுக்காகக் காத்திருந்தார். முதலாண்டு மருமகன் முன்னிலையில் மாமனார் சொல் மாறுவது, வழக்கத்தை மீறுவதினும் கொடிது.

"அதுதான் இருக்கிறதுலயே மோசம்" என்றார்.

"அப்ப நம்ம வீட்டுக்கு அது வேணாம். அப்படித்தானே?"

"இனாமாக் கொடுத்தாலும் வேணாம்" என்றார் சேக் பரீது, சற்று மிடுக்காகவே.

"பாஸிலா" என்று சைதூன் உட்பக்கம் திரும்பி அழைத்தார். "பரண்ல அந்தப் பொட்டியோட அட்டைப்பெட்டி இருக்கு, எடு. ஒயரெல்லாம் பதமாச் சுத்தி வையி."

சேக் பரீது எழுந்தார். "எங்க போகுது?"

"பழனிக்கு."

"மாப்ள மாஷா அல்லாஹ்னு சொல்லலையே. வாயே திறக்கலையே."

"சொல்லல. சொல்லியிருந்தா மாப்ளைக்குப் போயிருக்கும். வேணாம்னு கழிச்ச சாமான் மகளுக்குப் போகும். பழைய குக்கர், உக்காந்த மெத்தை, கால் ஆடுன பீரோ, எல்லாம் அப்படித்தானே போச்சு? வெளியாளுக்கா கொடுத்தோம்?"

"ரெண்டும் ஒரே வீடுதானே?"

"அதுக்கு நான் என்னங்க செய்ய? சம்பந்தம் பேசி முடிச்சது நீங்க."

சேக் பரீது ஆட்டுத்தோலில் எந்தப் பக்கம் உரித்தால் கிழியாது என்று அறிந்தவர். இங்கே எந்தப் பக்கம் பிடித்தாலும் கிழிந்தது. புகழ்ந்தால் பழனி, இகழ்ந்தால் பழனி. பேசாமல் இருந்திருந்தால் மட்டும் பெட்டி பேகம்பூரில் இருந்திருக்கும். அந்த ஒன்றைத்தான் அவர் செய்யவில்லை. கடைசி முயற்சியாக மகளைப் பார்த்தார்.

"ஏத்தா, பெருநாளும் அதுவுமா மகளுக்குக் குப்பையக் கொடுத்தாக்க ஊரு என்ன சொல்லும்?"

பாஸிலா அதற்குள் ஒயரைச் சுற்றி முடித்திருந்தாள். "பரவாயில்லத்தா. குப்பையா இருந்தாலும் அத்தா வீட்டுக் குப்பை."

"நல்ல மனசுங்க மாமா உங்களுக்கு" என்றார் யாசின்.

கார் கிளம்பியது. பின்னிருக்கையில் தேக்சாவும் அதன்மேல் சன்னல் திரையும், மகள் மடியில் பெட்டியும் போயின. சேக் பரீது தெருமுனைவரை பார்த்து நின்றார். பிறகு கூடத்தில் வந்து அமர்ந்து, பதற்றமின்றி யோசித்தார். பெட்டி போகலாம்; பண்ணை எங்கே போகும்? பெட்டிக்குள்ளேதானே பத்திரமாக இருக்கிறது. பழனிப் பக்கம் தோல் வசூலுக்கு ஆள் அனுப்புவதற்குப் பதிலாகத் தாமே போகலாம். போன இடத்தில் மகள் வீட்டில் ஒரு வாய் தேநீர். தேநீர் ஆறுவதற்குள் தக்காளிக்குத் தண்ணீர். எவர் தடுக்க முடியும்? முழங்காலுக்கும் நடை நல்லது என்று மருத்துவரே சொல்லியிருக்கிறார்.

சைதூன் தொலைக்காட்சியை முடுக்கிவிட்டு, காலை நீட்டி அமர்ந்தார். கதாநாயகி எழுந்துவிட்டிருந்தாள், இப்போது வேறொருத்தி மயங்கிக் கிடந்தாள்.

அந்தி மஃரிபு தொழுகை முடிந்த சற்று நேரத்தில் சேக் பரீதின் கைபேசி ஒலித்தது. யாசினின் குரல் பதிவு. அவர் அதைச் சத்தமாகவே ஓடவிட்டார்.

"மாமா, நல்லபடியா வந்து சேந்துட்டமுங்க. பொட்டிய மாட்டியாச்சுங்க. நீங்க கழிச்சுச் சொன்ன விளையாட்டு ஒண்ணுவிடாம, அந்த மாடு நிக்கிறது மொதக்கொண்டு, எல்லாத்தையும் அழிச்சுப்புட்டனுங்க. உங்க வார்த்தை வீணாப் போகக் கூடாதில்லைங்களா. இப்ப உள்ள சுத்தமா இருக்குதுங்க. புதுசா எதைப் போடலாம்னு ரெண்டே ரெண்டு வரி சொல்லுங்க."

கூடத்தில் தொடரின் சோக இசை மட்டும் கேட்டது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சைதூன் சொன்னார்.

"சொல்லுங்க. மாப்ள காத்துக்கிட்டு இருக்காருல்ல."