சர்வருக்குப் பொட்டு வைத்த கதை

சாமி பக்தி நல்லதுதான். ஆனால் அது ஸ்விட்ச் பக்கத்தில் நிற்கக் கூடாது. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடி ரூமில் வெப் ஹோஸ்டிங் தொழில் தொடங்கினேன். ஊரிலுள்ள கடை, மண்டபம், ரைஸ் மில் இவற்றின் வெப்சைட்டையெல்லாம் ராப்பகலாக ஓட வைக்கிற வேலை. (பத்தாவது படித்தவனுக்கு இது தேவையா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.) அதற்கு சர்வர் வேண்டும். விர்ச்சுவல் என்றால் எங்கோ இருக்கிற பெரிய மெஷினில் நமக்கு ஒரு பங்கு. டெடிகேட்டட் என்றால் முழு மெஷினும் நமக்கே.

"விர்ச்சுவலே எடுங்க. அத பாத்துக்க அங்க ஆளு இருக்குது," என்றாள் மனைவி செல்வி.

"கண்ணுல பாக்காத மெஷினுக்கு எப்பிடி கற்பூரம் காட்டுவேன்?"

இதுதான் நான் சொன்ன டெக்னிக்கல் காரணம்.

டெடிகேட்டட் சர்வரை வாங்கி ரூமிலேயே வைத்தேன். ஆயுத பூஜை வந்தது. லாரியும் தறியும் ஓய்வெடுக்கிற நாளில் சோறு போடுகிற மெஷினை மட்டும் ஓட விடலாமா? அணைத்தேன். துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, பொரிகடலை படைத்தேன். போனையும் அணைத்து அதன் மேலேயே வைத்துவிட்டு (அதுவும் ஆயுதம்தானே!) வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

சாயந்திரம் வாசலில் காதர் பாய். ஸ்வீட் கடைக்காரர். என் முதல் கஸ்டமர்; மற்றவர்களைக் கூட்டி வந்ததும் அவர்தான். தீபாவளி ஸ்வீட்டுக்கு வெப்சைட்டில் தள்ளுபடி புக்கிங், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்.

"இன்னாய்யா ஆச்சு? காலைலேர்ந்து சைட்டு தெறக்கல. உனுக்கு போன் போட்டா அதுவும் ஆஃப்பு!"

"பூஜை பாய். மெஷினுக்கு ரெஸ்ட்டு. நாளைக்கி காலைல ஆன் பண்ணிடறேன்."

பாய் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டார்.

"நீ சாமி கும்புடு, வேணான்னு சொல்லல. உன் கடைய சாத்திக்கோ. என் கடைய ஏன்யா சாத்துன?"

ஓடிப்போய் மாலையோடு ஆன் செய்தேன். அதற்குள் ஜனம் திண்டிவனத்து ஸ்வீட் கடைகளில் புக்கிங் பண்ணிவிட்டிருந்தது. அடுத்த மாசம் பாய் வேறு இடம் போனார். அவர் கூட்டி வந்தவர்கள் அவர் பின்னாலேயே போனார்கள்.

இப்போது ரைஸ் மில்லில் பில் போடுகிறேன். தொழில் போனதைச் சாமி சோதனை என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் பாய்க்கு எதற்குச் சோதனை?

வீட்டில் நான் கண்ணை மூடிக் கொஞ்சம் அதிகமாக உருகினால் போதும், மகள் கத்துவாள்: "எம்மா, நைனா ஆரம்பிச்சிட்டாரு! ஃபிரிட்ஜ பாத்துக்க!"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பாய் கடை வரும்போது மட்டும் சைக்கிளை ரோட்டின் அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போய்விடுகிறேன்.