மாமனாரும் நானும் கடந்தல் கூடும்

பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்லும் பொய்களுக்கு ஆயுள் கெட்டி. "கோபமே வராது", "சமையல் கொஞ்சம் தெரியும்", "பாட்டுன்னா உயிர்" என்று இரு தரப்பும் அள்ளி விடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவை மெல்ல வெளுத்துப்போகும். யாரும் வழக்குப் போடுவதில்லை. நான் சொன்ன பொய்யை மட்டும் கல்யாணத்துக்கு முன்பே மலைமேல் ஏற்றிச் சோதித்துப் பார்த்தார்கள்.

நான் ஆரல்வாய்மொழிக்காரன். காற்றாலைகளைப் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. தொப்பை அப்போதே தலைகாட்டத் தொடங்கியிருந்தது. தக்கலையில் சுபாவைப் பெண் பார்க்கப் போனபோது அவளுடைய அப்பா என் சட்டையின் நடுப்பொத்தானைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாப்ள எக்சர்சைஸ் வல்லதும் செய்வியளா?"

"சைக்கிள் ஓட்டுவேன் மாமா. டெய்லி."

(கடைசியாக ஓட்டியது பத்தாம் வகுப்பில். அதுவும் அத்தை மகளின் லேடீஸ் சைக்கிள்.) அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க ஊர்க் காத்துல எதிர்த்து மிதிச்சவனுக்கு மலையெல்லாம் ஒரு விஷயமே இல்ல" என்று சேர்த்துக்கொண்டேன். காப்பித் தம்ளருடன் நின்ற சுபா என்னை ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள். நான் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தக்கலையில் பெயிண்டுக் கடை வைத்திருந்தவர் அவர். சுபா பள்ளியில் படிக்கும்போதே அவளுடைய அம்மா இறந்துவிட, கடையையும் இரண்டு பிள்ளைகளையும் தனியாகவே பார்த்தவர். சர்க்கரை வந்ததும் துபாயிலிருந்த மகன் அவருக்குத் தடித்த டயர் போட்ட ஒரு சைக்கிள் வாங்கிக்கொடுத்தான். தார் ரோட்டுக்கானது அல்ல. சல்லி ரோடு, காட்டுப்பாதை, ஆற்றங்கரை என்று போவதற்கானது. கூட வர ஆளில்லாமல் அவர் தனியாகவே சுற்றிக்கொண்டிருந்தார். நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரமே போன் வந்தது.

"மாப்ளே, ஞாயித்துக்கெழம கீரிப்பாறைக்கு மேல ஒரு எஸ்டேட் ரோடு இருக்கு. பஸ்ஸு கிடையாது, லாரி கிடையாது. வாருங்க, ரெண்டு பேருமாப் போவம்."

மறுக்க ஒரு நல்ல காரணம் தோன்றவில்லை. அலுவலக நண்பன் ஸ்டான்லியிடம் சைக்கிள் கடன் வாங்கினேன். அவன் பந்தயத்துக்கெல்லாம் போகிறவன். பெடல் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புக் கட்டை இருந்தது. அதற்கென்று தனியாக ஒரு ஷூ. மிதித்தால் ஷூவின் அடியிலிருக்கும் கொக்கி டக்கென்று கட்டையில் பூட்டிக்கொள்ளும்.

"எறங்கணும்னா குதிகால வெளிய திருப்பு. அவ்வளவுதான்" என்றான் ஸ்டான்லி.

அந்த 'அவ்வளவுதா'னுக்குள் என் கல்யாணம், ஒரு மனிதரின் சிறுநீரகம் எல்லாம் அடங்கியிருந்தன என்று எனக்கு அப்போது தெரியாது.

கடையின் லோடு ஆட்டோவில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு கீரிப்பாறை வரை போனோம். அங்கே டீக்கடை முன்னால் ஏறி, சில அடி உருண்டு, நாலு பேர் பார்க்க நிற்க முயன்றேன். குதிகால் திரும்பவில்லை. வெட்டிய வாழை மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தேன். மாமா தூக்கிவிட்டார்.

"புது ஷூ மாமா."

"டெய்லி ஓட்டுகதுக்கு இதத்தான் போடுவியளா?"

"இது மலைக்கு மட்டும்."

அவர் ஷூவை ஒருமுறை பார்த்துவிட்டு முன்னால் மிதிக்கத் தொடங்கினார்.

பாதையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இருபுறமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பால் சொட்டும் ஒரு சிரட்டை. மேலே போகப்போக ரப்பர் முடிந்து காடு தொடங்கியது. கீழே பள்ளத்தில் ஆறு, கண்ணுக்குத் தெரியாமல் கூடவே இரைந்துகொண்டு வந்தது. டயருக்கடியில் சல்லி நெரிபடும் சத்தத்தைத் தவிர வேறொன்றுமில்லை. (என் மூச்சுச் சத்தத்தைச் சேர்க்கவில்லை. அது பழைய டீசல் பம்ப்செட்டை ஒத்திருந்தது.) மாமா எனக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"கடையில இருந்தா ஹாரன் சத்தத்துல தலையே பொளந்துரும். இஞ்ச வந்தாத்தான் எனக்கு வல்லதையும் யோசிக்க ஒக்கும். சுபா போன பெறவு வீட்டுல நான் ஒத்தக்கி. ஆனா நீங்க ஓட்டுகவரு. வாராவாரம் வருவியள்லா?"

நான் தலையாட்டினேன். பேச மூச்சில்லை.

ஓரிடத்தில் பாதை ஆற்றில் இறங்கி ஏறியது. குறுக்கே தாழ்வாக ஒரு சப்பாத்து. சிமெண்டுத் தளத்தின் மேலேயே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடும். மாமா சர்ரென்று இறங்கி அக்கரை ஏறிவிட்டார். எனக்குத் தண்ணீரைப் பார்த்ததும் பயம். பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் நின்றது, கால் பூட்டியபடியே இருந்தது. இந்த முறை சாய்ந்த பக்கத்தில் ஒரு பட்டமரம். ஹேண்டில்பார் அதில் முட்டியது, மரம் அதிர்ந்தது, நான் சைக்கிளோடு சேர்ந்து கரைச் சரிவில் உருண்டு, சப்பாத்துக்குக் கீழே மார்பளவு ஆழமிருந்த கசத்தில் விழுந்தேன்.

அந்த மரத்தில் கடந்தல் கூடு கட்டியிருந்தது. (கடந்தலைத் தெரியாதவர்களுக்கு: குளவியின் பெரியண்ணன். மாட்டையே சாய்த்துவிடும்.)

முதலில் ஓர் இரைச்சல். மாமா அக்கரையிலிருந்து கத்தியது கேட்டது.

"கடந்தலாக்கும் மாப்ளே! முங்குங்க! வெள்ளத்துக்குள்ள முங்குங்க!"

நான் முங்கித்தான் இருந்தேன். சமயோசிதத்தால் அல்ல, சைக்கிள் என் மேல் கிடந்ததால். வலது கால் பூட்டியிருந்தது. மூச்சுக்காகத் தலையை எக்கி நீட்டும்போதெல்லாம் முகத்தில் தீக்கங்குகளை அப்பியது போலிருந்தது. மறுபடி உள்ளே போனால் தண்ணீர் மூக்கில் ஏறியது. மேலே கடந்தல், கீழே வெள்ளம். குதிகாலை உள்ளே திருப்ப வேண்டுமா வெளியே திருப்ப வேண்டுமா என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. சாகப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. அதைவிடக் கேவலம், ஒரு ஷூவால் சாகப்போகிறேன் என்பதும் தெரிந்தது.

அப்போது யாரோ என் காலைப் பிடித்தார்கள்.

மாமா. அக்கரையில் அப்படியே ஓடியிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திரும்பி வந்திருந்தார். மார்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் என் ஷூவைப் பற்றித் திருகிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் அங்கே இருந்ததால் முகத்தை மூட அவருக்குக் கையில்லை. தலை, கழுத்து, காது எல்லாவற்றிலும் அவை கறுப்பாக ஊர்ந்தன. கால் விடுபட்டதும் என்னை இழுத்துக்கொண்டு ஆற்றின் ஒழுக்கோடு கீழே நகர்ந்து ஒரு பாறை இடுக்கில் ஒதுங்கினார். இரைச்சல் ஓயும்வரை அங்கேயே முங்கியும் எழுந்தும் கிடந்தோம்.

கரையேறியபோது அவருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விசில் மாதிரி இழுத்தது. அவருடைய போனில் சிக்னல் இல்லை. என்னுடைய போன் ஆற்றில்.

"மாமா, நான் போய் ஆளக் கூட்டிட்டு வாறேன்."

"எனக்க சைக்கிள்ள போங்க. அதுல பூட்டு ஒண்ணும் கெடையாது" என்றார்.

அந்த நிலையிலும் அப்படிச் சொன்னார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு காலில் ஷூ, மறுகாலில் ஒன்றுமில்லை. இடது கண் மூடிவிட்டது, வலது கண்ணில் ஒரு கீற்று வெளிச்சம் மட்டும். அந்தச் சல்லி ரோட்டில் நான் இறங்கிய வேகத்தை ஸ்டான்லி பார்த்திருந்தால் சைக்கிளை இனாமாகவே கொடுத்திருப்பான். விழுந்தேன், எழுந்தேன், மறுபடி ஏறினேன். 'சாகக்கூடாது, சாகக்கூடாது' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். ரப்பர் தொடங்கும் இடத்தில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பின் முன்னால் நிற்கத் தெரியாமல் போய் மோதினேன்.

பால்வெட்டும் பெண்கள் இரண்டு பேர் அலறினார்கள்.

"எம்மோ, ஏட்டி, இதென்ன மொகமா பலாக்காயா?"

"மேல... மாமா... கடந்தல்..." என்றேன். அவ்வளவுதான் வந்தது. டிரைவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேன்களை இறக்கிப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மாமாவை நாலு பேராகத் தூக்கி ஜீப்பில் கிடத்தினோம். ரப்பர் பாலின் புளிச்ச நாற்றத்தில் அவருடைய தலை என் மடியில் கிடந்தது. பாதி வழியில் அந்த விசில் சத்தம் நின்றது. நான் அவர் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். விரலும் வீங்கியிருந்ததால் காற்று படுகிறதா இல்லையா என்று தெரியவில்லை. நாகர்கோவில் வரும்வரை தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டு, ஊசி, குழாய், ஆக்சிஜன் எல்லாம் மாட்டினார்கள். எனக்குக் கண் இரண்டும் மூடிக்கொண்டன. நாக்கு வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. யாரோ ஓடி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. என் கையை இரண்டு கைகள் இறுக்கிப் பிடித்தன.

"அப்பா" என்றாள் சுபா.

நான் 'இல்லை' என்று சொல்ல முயன்றேன். "ம்ம்" என்றுதான் வந்தது.

"பேசாண்டாம். நான் சொல்லுகத மட்டும் கேளுங்க. அந்த ஆளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுண்ணு எனக்கு அண்ணைக்கே தெரியும். பொய் சொல்லும்போ அவருக்குக் காது செவக்கும். உங்களுக்குக் கூட்டுக்கு ஒரு ஆளு கெடச்சாச்சுண்ணு நீங்க சிரிச்சிய பாருங்க, அதுக்காகத்தான் நான் வாயத் தொறக்கல்ல. தொறந்திருந்தா நீங்க இப்பிடிக் கெடக்க மாட்டிய. எனக்கு இந்தக் கல்யாணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க எந்திச்சு வந்தாப் போரும்."

மூடிய கண்ணிலிருந்தும் தண்ணீர் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவள் அதைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"அழாதீங்கப்பா. அந்த ஆளு நல்லவருதான். ஆனா நமக்கு வேண்டாம்."

அப்போது நர்ஸ் சொன்னது எனக்கும் கேட்டது. "உங்க அப்பா அந்தக் கட்டிலாக்கும்."

என் கையைப் பிடித்திருந்த கைகள் அப்படியே உறைந்தன. உடனே விடவில்லை. மெதுவாக, கீழே வைத்தால் உடைந்துவிடும் பொருளை வைப்பது போல, என் கையைப் படுக்கையில் வைத்தாள். அடுத்த கட்டிலுக்குப் போய் அவள் எதுவும் பேசவில்லை. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

மாமா பிழைத்தார். ஆனால் கடந்தல் விஷம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்றார்கள். அவருக்குப் பேச்சு வந்ததும் சுபா கல்யாணம் வேண்டாம் என்றாள். நான் பக்கத்துக் கட்டிலில் தூங்குவது போல் கிடந்தேன். அவர் சொன்னார்:

"பொய்யன்தான், மக்ளே. இல்லேண்ணு சொல்லல்ல. ஆனா கண்ணு தெரியாம, ஒத்த ஷூவோட அந்த மலய எறங்கியிருக்கான். சைக்கிள் ஓட்டத் தெரியாதவன் எனக்காக ஓட்டியிருக்கான். அத யோசிச்சுப் பாரு."

அவள் ரொம்ப நாள் யோசித்தாள். அதற்குள் எனக்கு முக வீக்கம் வற்றிவிட்டது. ஒருநாள் போன் செய்து, "இனி காது செவந்தா கேப்பேன்" என்றாள். அதுதான் சம்மதம்.

மாமா அதன்பிறகு சைக்கிளில் ஏறவே இல்லை. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். வாராவாரம் வருவேன் என்று தலையாட்டியது இந்த வழியில் நிறைவேறியது. அங்கே பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கெல்லாம் அவர் இந்தக் கதையைச் சொல்வார். நான் விழுந்த உயரம் மாதத்துக்கு மாதம் கூடியது. சுபா கட்டில் மாறி அழுத இடம் வரும்போது அவருக்கே சிரிப்பில் மூச்சு முட்டும். எங்கள் குடும்பத்தில் அது பழமொழியாகவே ஆகிவிட்டது. யாராவது யாரைப் பற்றியாவது வாயைத் திறந்தால், "மொதல்ல கட்டில்ல கெடக்கது யாருண்ணு பாத்துக்க" என்பார்கள். கதை தெரியாத ஒன்றுவிட்ட சொந்தங்கள்கூடச் சொல்கிறார்கள்.

சில வருடங்கள் கழித்து மாமா போய்ச்சேர்ந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் அவரைக் கிடத்தியிருந்தோம். கூடம் நிறையப் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். சுபா மட்டும் அழாமல் பெட்டியருகே வந்து குனிந்து, அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"செரியாப் பாத்துச் சொல்லுங்க. அப்பாதானே?"

ஒப்பாரி நின்றுவிட்டது. துக்கத்தில் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"அப்பாதான்" என்றேன்.

அவள் கண்ணாடியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் பேசத் தொடங்கினாள்.